செடிக்குத் தண்ணீர் கேட்ட பேய்

அத்தியாயம் 7

கேம் டவுன்லோட் தொண்ணூற்றொன்பது சதவீதம் வரை வந்துவிட்டு, பள்ளிக்கூட வாசலில் அடம்பிடிக்கும் குழந்தைபோல அங்கேயே நின்றுகொண்டது.

“இன்னும் ஒரே ஒரு பர்சென்ட்தான் மேடம். அந்த ஒரு பர்சென்ட்லதான் பேய் உக்காந்திருக்குபோல. வர மாட்டேங்குது,” என்றான் சுருட்டை.

“நீ வாயை மூடினா அது தானா வரும்,” என்றார் வக்கீலம்மா.

கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. கோர்ட்டில் கேள்வி கேட்டால் யாராவது எழுந்து மறுப்புச் சொல்கிறார்கள், தெருவில் கேட்டால் பதில் சொல்கிறார்கள் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். சுருட்டை அவருடைய உதவியாளன். தலைமுடி, வாய் இரண்டுமே அவனுக்கு அடங்காதவை.

எதிரே உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவருக்கு, வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. அன்றைக்குத்தான் அவருடைய மனைவி வீட்டைவிட்டுப் போனாள். இன்று திங்கள்.

முந்தின நாள் சண்டை. ஒன்றுமில்லாத விஷயம். பால்கனியில் அவள் வளர்க்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தாள், இவர் மறந்துவிட்டார். “ஒரு செடியை ஞாபகம் வச்சுக்கத் தெரியல. என்னை எங்க ஞாபகம் வச்சுக்கப் போறீங்க?” என்றாள். இவரும் பதிலுக்கு, “செடியாவது சத்தம் போடாது,” என்று சொல்லித் தொலைத்தார்.

மறுநாள் போனவள்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் கேம் கம்பெனிக்குத் தினமும் அவளிடமிருந்து வேலை வந்துகொண்டிருந்ததாம். “ஆபீசுக்கு அனுப்புறாங்க, உங்களுக்கு அனுப்பல. பேசப் பிடிக்கல சார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போங்க.” மாமியார் அதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “மாப்பிள்ளை, என் பொண்ணை என்ன சொன்னீங்க?”

வக்கீலம்மாவின் மேசைமேல், அவள் வீட்டில் விட்டுப்போன பொருள்களைக் கண்ணாடிக்காரர் பரப்பி வைத்திருந்தார். கைப்பேசி. வளையல்கள். கைக்கடிகாரம். ஒரு சாவிக்கொத்து.

“வளையலைக்கூடக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டா மேடம்,” என்றார். “இதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?”

வக்கீலம்மா வளையல்களை எடுத்து ஒருமுறை குலுக்கினார். கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தார். சாவிக்கொத்தை ஆட்டினார்.

“இந்த நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு, சுருட்டை?”

“நாலையும் அடகு வச்சா ஒரு வாரம் ஓட்டலாம்.”

“அறிவுக்கொழுந்தே. நாலும் சத்தம் போடும்.” அவர் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். “கேம் கம்பெனியில உங்க மனைவிக்கு என்ன வேலை?”

“கேமுக்குச் சத்தம் பிடிக்கிறது. கதவு கிறீச்சிடுறது, யாரோ நடக்கிறது, மூச்சு விடுறது… பேய் கேம் மேடம். சில இடத்துல அவளே குரலும் கொடுப்பா.”

“அப்போ அவங்க உங்களை விட்டுட்டுப் போகல. சத்தம் பிடிக்கப் போயிருக்காங்க. மைக்கு முன்னாடி வளையல் கிலுங்கக் கூடாது, போன் அடிக்கக் கூடாது. இன்னொண்ணு. இந்தக் கொத்துல உங்க வீட்டுச் சாவி எங்கே?”

கண்ணாடிக்காரர் கொத்தை வாங்கிப் பார்த்தார். அலமாரிச் சாவி, வண்டிச் சாவி, ஆபீஸ் சாவி. வீட்டுச் சாவியை மட்டும் காணோம்.

“வீட்டை விட்டு ஓடுறவ, வீட்டுச் சாவியை மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போவாளா?” என்றார் வக்கீலம்மா. “திரும்பி வர்றதுக்குத்தான் போயிருக்காங்க. வர முடியல.”

மூன்று நாளாக அவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்று அழுதவர் அவர். அப்படியில்லை என்று தெரிந்ததும் வரவேண்டிய நிம்மதி வரவில்லை. முன்னதைவிடப் பெரிய பயம்தான் வந்தது.

“வந்துடுச்சு!” என்றான் சுருட்டை.

அவள் கம்பெனியின் கேம் அது. பெயர் ‘இருட்டு வாடகை’. ஒரு பாழடைந்த கட்டடத்துக்குக் குடிவருபவர் அங்கிருந்து உயிரோடு வெளியேற வேண்டும். கேமை ஒருமுறை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று இல்லை. அதோடு ஒட்டவைத்துக்கொள்ளக் கிளைக்கதைகள் ஒவ்வொன்றாக வெளியாகும், இறக்கி ஆடலாம். முதல் கிளைக்கதை மொட்டைமாடி. இரண்டாவது லிஃப்ட். மூன்றாவது, இன்று காலை வெளியான ‘கீழ்த்தளம்’.

“மொத்தக் கட்டடத்துல இன்னும் பாத்ரூம் மட்டும்தான் பாக்கி,” என்றபடி சுருட்டை ஆட ஆரம்பித்தான். திரை இருண்டது. படிக்கட்டு. ஈரச் சுவர். எங்கோ இடி உருண்டது. “மேடம், நான் கண்ணை மூடிக்கிறேன். நீங்க பேயைப் பார்த்துட்டுச் சொல்லுங்க.”

சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

*யாராவது இருக்கீங்களா? கதவைத் திறங்க…*

கண்ணாடிக்காரர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். “அவதான்.”

*இது விளையாட்டில்ல. நிஜமாவே மாட்டிக்கிட்டேன்.*

“என்ன நடிப்பு!” என்றான் சுருட்டை. ஆனால் அந்தக் குரல் இப்போது கத்தவில்லை. களைத்துப்போய், பக்கத்துத் தலையணையில் படுத்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பேசியது.

*கோவமெல்லாம் இல்லங்க. செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க.*

கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

“இது கதையில இல்ல மேடம்,” என்றார். “எனக்குச் சொல்றா.”

*

கேம் கம்பெனியில் கொண்டாட்டம். கூரையில் பலூன்கள். ஒரு பெரிய திரையில், ஆடியவர்கள் எழுதிய கருத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘செடிப் பேய்தான் இந்த வருஷத்தின் பேய்.’ ‘சாகப்போற நேரத்துல செடியைப் பத்திக் கவலைப்படுது, சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாச்சு.’ ‘அந்தக் குரலுக்கு அஞ்சு நட்சத்திரம்.’

கண்ணாடிக்காரர் அதைப் படித்தார். காலையிலிருந்து ஊரே அவள் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டுக் கைதட்டியிருக்கிறது.

சத்தங்களைக் கோத்துத் திருத்துபவனை அங்கே எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் ஹெட்போன், கையில் கேக் தட்டு. வக்கீலம்மா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னார். காது தட்டைக் கீழே வைத்தான்.

“இல்ல மேடம். அக்கா நடிக்கிறாங்க. அவங்க அப்படித்தான்.”

“‘விளையாட்டில்ல’ன்னு சொல்றாளேடா!” கண்ணாடிக்காரர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். வாழ்க்கையில் அவர் யார் சட்டையையும் பிடித்ததில்லை. “உனக்குக் காதுன்னு எவன்டா பேர் வச்சான்?”

“சார், போன தடவையும் இதையேதான் சொன்னாங்க!” காது கிட்டத்தட்ட அழுதுவிட்டான். “லிஃப்ட் கதைக்கு வேலை செஞ்சப்போ, ‘லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன், மூச்சு முட்டுது’ன்னு சத்தம் அனுப்பினாங்க. சாப்பாட்டைப் பாதியில விட்டுட்டு ஓடினேன். லிஃப்ட் கதவைக் கை வலிக்க வலிக்கத் தட்டினேன். அவங்க படிக்கட்டுல உக்காந்து மைக் பிடிச்சுட்டு இருந்தாங்க. பதறிப்போய் ஒருத்தன் கதவைத் தட்டுற சத்தம் வேணுமாம். ரெண்டாவது கிளைக்கதையில வர்ற அந்தத் தட்டல் நான்தான் சார். ஆபீசே சிரிச்சுது. இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு…”

“புலி வருது கதை,” என்றான் சுருட்டை மெதுவாக. வழக்கமான கிண்டல் அதில் இல்லை.

கண்ணாடிக்காரரின் பிடி தளர்ந்தது. இப்படிச் செய்யக்கூடியவள்தான் அவள். வீட்டிலும் அவர் தும்மினால் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள்.

“எங்கே சத்தம் பிடிக்கப் போனாங்க?” என்றார் வக்கீலம்மா.

“சொல்ல மாட்டாங்க மேடம். இடம் தெரிஞ்சா பயம் போயிடும்பாங்க. அவங்ககிட்ட ஒரு பெட்டி இருக்கு. மைக்குல விழறதை சிம் கார்டு வழியா அதுவே இங்க அனுப்பிடும். ஆனா போகும், வராது. நாம பேசுறது அவங்களுக்குக் கேக்காது. மைக்கை உள்ள வச்சுட்டு, பெட்டியை நீள வயர் போட்டுத் தூரமா வைப்பாங்க. பெட்டிகூட மூச்சு விடும்பாங்க.”

“கடைசியா எப்போ வந்துச்சு?”

“நேத்து,” என்றான் காது. “நேத்து மத்தியானத்தோட நின்னுடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.”

பின்னால் எங்கோ ஒரு பலூன் வெடித்தது. கண்ணாடிக்காரருக்கு அது தன் மண்டைக்குள் வெடித்ததுபோல இருந்தது.

“அவங்க அனுப்பினதை அப்படியே கேமுல போட்டியா?” என்றார் வக்கீலம்மா.

“சுத்தம் பண்ணித்தான் போட்டேன். தேவையில்லாததை எடுத்துட்டு.”

“அந்தத் தேவையில்லாததைப் போடு.”

“குப்பையைக் கேட்டு என்ன மேடம் பண்றது?”

“தம்பி, சாட்சியாத் தேவையில்லைன்னு வாசல்ல நிக்க வச்ச ஆளுக்குத்தான் பல கேஸ்ல விஷயம் தெரிஞ்சிருக்கும். போடு.”

திருத்தாத ஒலி ஓடத் தொடங்கியது. திரையில் பக்கத்திலேயே கதை வசனம். முதலில் அவள் வசனத்தை வரி பிசகாமல் சொன்னாள், அழுதாள், ஒப்பாரிபோல இழுத்தாள். அப்போது, *டங்.* இரும்புமேல் இரும்பு விழும் சத்தம்.

“கதவு சாத்துற சத்தம்,” என்றான் காது. “என்ன டைமிங்னு பாராட்டி ஆபீஸ்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்.” அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“அந்தக் கதவு வரைக்கும் வசனம். கதவுக்கு அப்புறம் சொல்றது ஒண்ணுகூட வசனத்துல இல்ல,” என்றார் வக்கீலம்மா. “அப்போ அதை அவங்க சாத்தல, வேற யாரோ சாத்தியிருக்காங்க. மேல போகட்டும்.”

இடி உருண்டது. கேமில் கேட்ட அதே இடி. அதன் முடிவில் எலும்புகள் சரிவதுபோல ஒரு கலகலப்பு. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில்…

“இது என்ன?”

“கைதட்டல் மேடம். அதைத்தான் எடுத்துட்டேன். பேய்க் கதையில கைதட்டல் வந்தா யார் பயப்படுவாங்க? இடியை மட்டும் வச்சுக்கிட்டேன்.”

“இடி இடிச்சா யாராவது கைதட்டுவாங்களா?”

“விவசாயி தட்டுவான்,” என்றான் சுருட்டை, பழக்க தோஷத்தில்.

“மூணு நாளா ஒரு சொட்டு மழை இல்லை. இன்னொரு தடவை போடு.”

மறுபடி இடி. இந்த முறை எலும்பு எதுவும் சரியவில்லை. இடி அப்படியே வழுக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல ‘தொப்’ என்று முடிந்தது. கைதட்டலுக்குப் பதில் ஒரு கும்பலின் சிரிப்பு.

சுருட்டையின் முகம் மாறியது. “மேடம், இந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும்.”

“எப்படி?”

“நான் ஆடுறப்போ வர்ற சத்தம். பௌலிங்! பத்துக் கட்டையை நிக்க வச்சு உருண்டையால அடிக்கிறது. கட்டை விழுந்தா கைதட்டுவாங்க. உருண்டை ஓரச் சாக்கடைக்குள்ள போயிட்டா சிரிப்பாங்க. என் மச்சானும் மாமாவும் சேர்ந்து சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல நிக்குது.”

வக்கீலம்மா ஏற்கெனவே எழுந்துவிட்டார். “ஊர்ல பௌலிங் எங்கெங்கே இருக்கு?”

“ரெண்டு இடம். ஒண்ணு புது மால்ல, நாலாவது மாடி. அதுக்குக் கீழே எல்லாம் கடைதான். இன்னொண்ணு பழைய காம்ப்ளெக்ஸ்ல, தரைத்தளம்.”

“அதுக்குக் கீழே?”

சுருட்டை கார் சாவியை எடுத்துக்கொண்டே ஓடினான். “அதுக்குக் கீழே கீழ்த்தளம்தானே மேடம்!”

காது தன்னுடைய ஹெட்போனையும் ஒரு பேட்டரியையும் அள்ளிக்கொண்டான். யாரும் அவனை வா என்று கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை.

*

வழியிலேயே வக்கீலம்மா ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரருக்கு ஒவ்வொரு சிக்னலும் ஒரு ஆயுசாகத் தெரிந்தது. பையில் ஒரு தண்ணீர் பாட்டில் எப்போதும் வைத்திருப்பாள். ஒரு பிஸ்கட் பாக்கெட். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள்? கணக்குப் போட அவர் மனம் மறுத்தது. மாமியார் மறுபடி அழைத்தார். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

பௌலிங் கூடத்தில் கூட்டம் அலைமோதியது. இடி, கலகலப்பு, கைதட்டல். மேனேஜர் வரவேற்பு மேசைக்குப் பின்னால் சிரித்த முகமாக நின்றார். அவருக்கு முன்னால், மறந்துபோன குடைகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே, ஒரு கறுப்புப் பெட்டி.

“அக்காவோடது!” என்று காது அதன்மேல் பாய்ந்தான்.

“உங்களோடதா? எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க,” என்றார் மேனேஜர். “கீழ போற படிக்கட்டு ஜன்னல்ல சிவப்பு லைட் எரிஞ்சுட்டு இருந்துச்சாம். எங்க வாட்ச்மேன் நேத்து வயரைப் பிடுங்கிட்டுக் கொண்டுவந்து வச்சான். பேயோட பெட்டின்னு சொல்லிட்டு வேலையை விட்டும் போயிட்டான்.”

“என்ன பேய்?” என்றார் வக்கீலம்மா.

“அதை ஏன் கேக்குறீங்க. கீழ ஒரு பொம்பளை அழற சத்தம் கேக்குதாம். வெள்ளிக்கிழமை ரவுண்ட்ஸ் போனவன், பழைய ஜெனரேட்டர் ரூம்ல ஏதோ ஓலமிடுதுன்னு சொல்லி, எட்டிக்கூடப் பார்க்காம இரும்புக் கதவைச் சாத்தி, பூட்டையும் போட்டுட்டு ஓடி வந்துட்டான். நான் நல்லாச் சிரிச்சேன். இந்தக் காலத்துல…”

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. எதிரே நின்ற நாலு பேர் முகத்தையும் அவர் பார்த்துவிட்டார்.

“சாவி எங்கே?” என்றார் கண்ணாடிக்காரர்.

“அவன்கிட்ட… அவன் போன்கூட எடுக்க மாட்டேங்கிறான் சார்.”

படிக்கட்டில் இறங்கும்போது வக்கீலம்மா முணுமுணுத்தார்: “காலையிலேருந்து ஒரு வில்லனைத் தேடிட்டு இருக்கேன். கடைசியில யாருமே இல்லை. நடிச்சு அழுதப்போ ஒருத்தன் நிஜம்னு நம்பிட்டான். நிஜமா அழுதப்போ ஒருத்தன் நடிப்புன்னு நம்பிட்டான்.”

கீழ்த்தளம் கேமில் பார்த்ததைவிடப் பெரியது. டார்ச் வெளிச்சத்தில் உடைந்த நாற்காலிகள், பழைய உருண்டைகள் குவிந்த ஒரு மூலை, வரிசையாக இரும்புக் கதவுகள். ஐந்தாறு கதவுகளில் ஒரேமாதிரியான பூட்டு.

“எது ஜெனரேட்டர் ரூம்?”

“நான் வேலைக்கு வந்தே ரெண்டு மாசம்தான் மேடம்,” என்றார் மேனேஜர் பரிதாபமாக.

கண்ணாடிக்காரர் முதல் கதவை அறைந்தார். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டாவது கதவு. மூன்றாவது. அவர் குரலே சுவரில் மோதித் திரும்பி வந்தது. தலைக்குமேல் இடி உருண்டு அதையும் விழுங்கியது.

“சார், நிறுத்துங்க!” காது கத்தினான். “ஜெனரேட்டர் ரூம்னா உள்சுவர் பூரா சத்தத்தை உறிஞ்சுற அட்டை ஒட்டியிருப்பாங்க. நீங்க தட்டுறது உள்ள கேக்காது, அவங்க தட்டுறது வெளிய வராது. மேல ஆட்டம் நடந்தா மட்டும் கூரை வழியா இறங்கும், இல்லேன்னா ஊர்லயே அமைதியான இடம். அதனாலதான் அக்கா இங்க வந்திருக்காங்க. வயரைத் தேடுங்க!”

தரை முழுக்க வயர்தான். சுருட்டை மண்டியிட்டுத் துழாவினான். “எல்லா வயரும் ஒரே குடும்பம்போல இருக்கே… இதோ, இது மட்டும் புதுசு!” படிக்கட்டு ஜன்னலிலிருந்து இறங்கிய அந்த வயர் சுவரோரமாகப் போய், இரண்டு கதவுகளுக்கு நடுவே, புகைக்குழாய் இருந்த ஒரு ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. இந்தப் பக்கக் கதவா, அந்தப் பக்கக் கதவா?

காது பெட்டிக்குப் பேட்டரி போட்டு, வயரைச் செருகி, ஹெட்போனை மாட்டினான். கண்ணை மூடினான்.

“மேல ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் வாட்சைக் கழட்டுங்க, போனை அணைங்க. யாரும் மூச்சுகூட விடாதீங்க.”

மேனேஜர் ஓடினார். இடி ஓய்ந்தது. கண்ணாடிக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைக்குள் பொத்திக்கொண்டார். அவளும் இப்படித்தான் கழற்றி வைத்துவிட்டுப் போனாள். அதைப் போய், தன்னை உதறிவிட்டாள் என்று நினைத்தாரே!

காதின் முகத்தையே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நேரம் போனது. காதின் உதடு துடித்தது.

“மூச்சு,” என்றான். “மூச்சு கேக்குது. வலதுபக்கக் கதவைத் தட்டுங்க… இப்போ இடது… இடது! இடது பக்கம் தட்டினா மைக்ல அதிருது!”

இடதுபக்கக் கதவில் உள்ளங்கை அளவுப் பூட்டு. சுருட்டை சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் கிடந்த பழைய உருண்டைகளில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினான்.

“சுருட்டை, உனக்குக் குறி தப்பும்,” என்றார் வக்கீலம்மா.

“இந்தத் தடவை யாரும் சிரிக்கப் போறதில்ல மேடம்.”

முதல் அடி கதவில் விழுந்தது. இரண்டாவது பூட்டில். மூன்றாவதில் தாழ்ப்பாளே பெயர்ந்து தரையில் விழுந்து உருண்டது.

தடிமனான கதவு. கண்ணாடிக்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். உள்ளே இருட்டு, மூச்சு முட்டும் வெப்பம். டார்ச் வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டே போய், மூலையில் சுருண்டு கிடந்தவளின் பருத்திச் சால்வையில் நின்றது. பக்கத்தில் காலிப் பாட்டில். எதிரே, மூன்று கால் தாங்கியில் மைக். மூன்று நாளாக அவள் பேசிய ஒரே ஆள்.

அவர் மண்டியிட்டு அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்தது, அவரைப் பார்த்தது. உதடு அசைந்தது. காற்றைத் தவிர ஒன்றும் வரவில்லை. கத்திக் கத்திக் குரல் முழுவதும் போயிருந்தது.

“என்னம்மா? என்ன சொல்றே?” அவர் காதை அவள் வாயோடு வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. “ஐயோ, எனக்குக் கேக்கலையே…”

“எனக்குக் கேக்குது சார்,” என்றான் காது.

பெட்டியோடு வாசலில் நின்றிருந்தான். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். கன்னம் நனைந்திருந்தது.

“‘செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா’ன்னு கேக்குறாங்க.”

மேலே தெருவில் ஆம்புலன்ஸின் சத்தம் நெருங்கியது. கண்ணாடிக்காரர் ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார். அவர் கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது.

அவள் உதடு இன்னொரு தரம் அசைந்தது. எல்லோரும் காதைப் பார்த்தார்கள்.

“‘தெரியும்’ங்கிறாங்க,” என்றான் காது.